ஆமெனுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கட்டை

அன்பு மகனுக்கு,

நான் நலம், நீ நலமா என்று தொடங்க மாட்டேன். நான் நலமில்லை, நீ நலமா என்று கேட்டால் உண்மையைச் சொல்ல மாட்டாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாய். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, மோட்டார் ஓடுகிறதா என்று வரிசையாகக் கேட்கிறாய், நானும் வரிசையாகப் பதில் சொல்கிறேன். கீபோர்டு என்ற வார்த்தை என் வாயில் வந்தால் மட்டும், "எம்மா, டவர் கெடைக்க மாட்டேங்கு, பெறவு கூப்பிடுதேன்" என்று வைத்துவிடுகிறாய். குஜராத்தில் காற்றாலை உச்சியில் ஏறி வேலை பார்க்கிற பிள்ளைக்கே டவர் கிடைக்கவில்லை என்றால், பாளையங்கோட்டையில் தரையில் நிற்கிற நாங்களெல்லாம் எங்கே போவது? அதனால்தான் இதை எழுதி நம் சபையின் மாத இதழுக்கே கொடுத்துவிட்டேன். ஆசிரியர் தயங்கினார். "வீட்டு விசயம்லா, எதுக்கு எல்லாரும் வாசிக்கணும்?" என்றார். உன் அப்பாவின் அடக்க ஆராதனையில் ஆமென் பாடியது வீட்டு ஆட்கள் மட்டும் இல்லையே, பாடினவர்கள் எல்லாரும் வாசிக்கட்டும் என்றேன். அவரும் பாடினவர்தான். வாங்கிக்கொண்டார். அந்த ஆமெனுக்குப் பிறகு நீ கீபோர்டுக் கட்டையைத் தொடுவதில்லை, உன் அக்கா உன்னோடு பேசுவதில்லை, இரண்டு பேரும் இந்த வீட்டுப் பக்கம் வருவதில்லை. நான் போவதற்குள் உங்கள் முகத்தைப் பார்ப்பேனா என்பது ஒன்றுதான் எனக்கு இப்போது கேள்வி. பதில் எனக்கே தெரியும் என்று வைத்துக்கொள். தெரிந்துதான் எழுதுகிறேன்.

பாட்டை முடிய விடாமல் திருப்புகிற அந்த வாசிப்பை நீ படித்ததே காணிக்கைக்காகத்தான். நம் ஆலயத்தில் காணிக்கைப் பாட்டு முடிந்துவிடும், பை பின்வரிசைக்கு வந்து சேர்ந்திருக்காது. அந்த இடைவெளியில் ஒரு மௌனம் விழும் பார், சில்லறை விழுகிற சத்தமும் யாரோ இருமுகிற சத்தமும் மட்டும் கேட்கும். கீபோர்டில் புதிதாக உட்கார்ந்த உனக்கு அந்த மௌனம் பிடிக்கவில்லை. "பாட்ட மறுபடி மொதல்ல இருந்து தூக்கணும்மா, ஆனா தூக்குனது யாருக்கும் தெரியக் கூடாது" என்று சொல்லிவிட்டு, போனில் ஒரு வீடியோவைக் கண்டுபிடித்தாய். அமெரிக்காவில் கறுப்பின மக்களின் ஆலயத்தில் வாசிக்கிற யாரோ ஒருவர். அவர் முகமே தெரியாது, கைகள் மட்டும்தான் தெரியும். பழைய கால காஸ்பல் வாசிப்பு, அதில் ஒவ்வொரு அடியும் முடிகிற இடத்தில் பாட்டை முதல் வரிக்கே திருப்பிவிடுகிற டர்ன்அரவுண்டு. அதை வேகம் குறைத்துப் போட்டு, நிறுத்தி, மறுபடி போட்டு, சாப்பாடு ஆறிப் போகிற வரை உட்கார்ந்திருப்பாய். அடுக்களையில் எனக்கு அந்த மனிதரின் குரல் பழகிவிட்டது. அவர் என்ன சொல்கிறார் என்று புரியாது, ஆனால் நீ எந்த இடத்தில் தப்பு விட்டாய் என்று நீ உச்சுக்கொட்டுகிற சத்தத்திலேயே தெரியும்.

உன் அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனிதர், பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவர், கட்டைகளைச் சேர்த்துப் பிடிக்கிற கார்டு தனக்குத் தெரிந்த நாலுக்கு மேல் ஒன்று வந்தால் சந்தேகப்படுவார். "ஏலே, கர்த்தர் கேக்காரோ இல்லியோ, எதுத்த வீட்டு நாய் கேக்கு. அது ஊளையிடுதப் பாரு" என்று கிண்டல் செய்வார். நீ விடவில்லை. அவரைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "எப்பா, வீட்டுக்கு வந்த மாதிரி வந்து, வாசல்லயே திரும்பி, மறுபடி தெருவுக்குப் போறது, அவ்வளவுதான்" என்று காட்டினாய். அந்த வருஷம் அசனப் பண்டிகையில், ஆலய வளாகத்தில் சபையெல்லாம் பந்தியில் உட்கார்ந்தபோது, சோறு கடைசி ஆளுக்கு விழுகிற வரைக்கும் பாட்டை நிறுத்தாமல் ஓட்டினாய். அப்பா உன் பின்னால் நின்று ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடினார், வேர்த்து ஊற்றியது, நிறுத்தவில்லை. "பரவால்லலே, கடைசி ஆளு உக்காருத வரைக்கும் பாட்டும் காத்துக் கெடக்கே" என்றார். அவர் வாயிலிருந்து அதற்குமேல் பாராட்டு வராது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்றைக்கு நீ இரண்டாம் தரம் சாப்பிட்டாய்.

அதனால்தான் அடக்க ஆராதனையில் உன்னை உட்கார வைத்தார்கள். பெற்ற தகப்பனுக்கு மகனை வாசிக்கச் சொல்வார்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். வேறு யாராலும் முடியாத வேலை அது. உன் அக்கா மஸ்கட்டில் இருந்து விமானம் ஏறி, மதுரையில் இறங்கி, காரில் வந்துகொண்டிருந்தாள். கோடை வெயில், பெட்டியை அதற்கு மேல் வைத்திருக்க முடியாது என்று ஆராதனையைத் தொடங்கிவிட்டார்கள். கடைசிப் பாட்டில் ஜனங்கள் வரிசையாகப் போய் முகம் பார்ப்பார்கள், பாட்டு முடிந்து ஆமென் பாடியதும் போதகர் ஆசீர்வாதம் கூறுவார், பெட்டியை மூடுவார்கள். இதுதான் நம் ஆலயத்து வழக்கம். உன் பெரியப்பா வந்து உன் காதில், "பாட்ட நிறுத்திராதலே, அவ ஆத்துப் பாலத்துகிட்ட வந்துட்டாளாம், பைய ஓட்டு" என்று சொன்னதை நான் கேட்டேன். நீ தலையை ஆட்டினாய். கண் துடைக்கக்கூட கையை எடுக்கவில்லை.

எவ்வளவு நேரம் ஓட்டினாய் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. முகம் பார்க்கிற வரிசை முடிந்துவிட்டது. பார்த்தவர்கள் இடத்துக்குத் திரும்பி நின்றுகொண்டே பாடினார்கள், விசிறிகள் ஓடியும் காற்று இல்லை, அக்கா வரவில்லை. அவள் கார் ஆற்றுப் பாலத்தில் மாட்டிக்கொண்டது. பாலத்தின் நடுவில் ஒரு லாரி நின்றுபோய், முன்னாலும் போக முடியாமல் பின்னாலும் போக முடியாமல், அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கி நடக்கத் தொடங்கியிருக்கிறாள். அந்த நேரத்தில்தான் நீ எஃப் கார்டைப் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாய். ஏதோ வண்டிச் சத்தம் கேட்டது, அவளாக இருக்கும் என்று நானும் திரும்பினேன். வேறு யாரோ. நீ கட்டைக்குத் திரும்பினபோது கை எஃப்பிலிருந்து நேரே சி-யில் இறங்கிவிட்டது. நம் ஜனங்களுக்கு எஃப்பிலிருந்து சி என்றால் ஒன்றே ஒன்றுதான். பால்குடி மறந்த நாளிலிருந்து ஒவ்வொரு பாட்டின் கடைசியிலும் கேட்டு வளர்ந்த இரண்டு கார்டு. ஆலயம் முழுக்க ஒரே குரலில் ஆமென் என்று பாடியது. அவ்வளவு அழகாக அவர்கள் பாடி நான் கேட்டதே இல்லை. போதகர் கையை உயர்த்திவிட்டார்.

பாலம் தாண்டி ஆட்டோ பிடித்து, கல்லறைத் தோட்டத்து வாசலில் அக்கா வந்து இறங்கியபோது பெட்டி குழிக்குப் பக்கத்தில் இருந்தது. "தொறங்க" என்று நான் கத்தினேன். என் தொண்டை அன்று போனது, இன்னும் சரியாகவில்லை. சபை மூப்பர் ஒருவர், நல்ல மனிதர்தான், சொன்னார்: "அம்மா, ஆமென் பாடி ஆசீர்வாதம் கூறியாச்சு. மூடுனா மூடுனதுதான், நம்மள்ல தொறக்கது இல்ல." நாலு பேர் அதற்கு ஆமாம் போட்டார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். உன் அக்கா அழவில்லை. பெட்டி மூடியின் மேல் கையை வைத்தாள். பிறகு உன்னைப் பார்த்து, "அப்பா மொகத்த நீ பாத்துட்ட. ஊரே பாத்துட்டு. எனக்கு மட்டும் ஆமென் போட்டுட்டல்லா" என்றாள். அன்று சாயங்காலம் கீபோர்டை அதன் உறையில் போட்டு அலமாரிக்கு மேல் ஏற்றினாய். அந்த மாதமே வடக்கே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். போகும்போது வாசலில் வைத்து என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாய்: "நடுவுல அந்தக் கறுப்புக் கட்டைய விட்டுட்டேம்மா." எனக்கு அப்போது அது என்ன என்று புரியவில்லை.

இப்போது புரிகிறது. ஏனென்றால் நானே கீபோர்டு படித்துவிட்டேன். சிரிக்காதே. சிரித்தாலும் பரவாயில்லை, நீ சிரித்து நாளாயிற்று. ஆஸ்பத்திரியில் அந்த டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மாத்திரை எதுவும் புதிதாக எழுதாமல், "வீட்டுக்குப் போயி ஒங்களுக்குப் பிடிச்சதச் சாப்பிடுங்கம்மா, பிடிச்சதச் செய்யுங்க" என்றார். சொல்லாமல் சொல்லிவிட்டார். நீ போனில் கேட்டபோது எல்லாம் நார்மல் என்று நான் சொன்னது பொய். வீட்டுக்கு வந்து, எனக்குப் பிடித்தது என்ன என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. எதிர்வீட்டு கிரேஸின் மகனைக் கூப்பிட்டு அலமாரியிலிருந்து கீபோர்டை இறக்கித் தரச் சொன்னேன். நீ விட்ட கட்டை எது, அதை விட்டதால்தான் எல்லாம் நடந்ததா என்று தெரிந்துகொள்ளாமல் போக எனக்கு மனசில்லை. நீ பார்த்த அந்த வீடியோவையே அவன் என் போனில் எடுத்துக் கொடுத்தான்.

டைப்ரைட்டிங் வகுப்பில் அத்தனை வருஷம் பிள்ளைகளுக்கு விரல் வைக்கச் சொல்லிக்கொடுத்த எனக்கு இது என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். டைப்பில் கட்டைவிரலுக்கு ஒரே வேலை, இடைவெளி விடுவது. கீபோர்டில் எல்லா வேலையும் அதன் தலையில்தான் விழுகிறது. என் கட்டைவிரல் இரண்டும் பழைய பழக்கத்தில் தொங்கிக்கொண்டே இருந்தன, அதோடு விரல் மூட்டுவலி வேறு. ஆனாலும் மத்தியானங்களில் உட்கார்ந்தேன். சி-யில் பாட்டு முடிகிறது. அதே சி-யோடு பி ஃப்ளாட்டைச் சேர்த்தால் அதற்கு உட்கார மனசு வராமல் எஃப்புக்கு எழுந்து போகிறது. எஃப்பிலிருந்து இடது கை அடுத்த கறுப்புக் கட்டைக்கு ஏற வேண்டும், எஃப் ஷார்ப். அங்கிருந்து ஜி. ஜி-யைக் கீழே பிடித்துக்கொண்டு மேலே சி, பிறகு ஏ, டி, ஜி என்று படியிறங்கி வந்தால் பாட்டின் முதல் வரி வாசலில் நிற்கிறது. எஃப்புக்கும் சி-க்கும் நடுவில் அந்தக் கறுப்புக் கட்டை இருந்தால் அது பயணம். இல்லாவிட்டால் ஆமென். நீ விட்டது அதைத்தான். ஒரு விரல் அகலம்தான் இருக்கும். அதைக் கண்டுபிடித்த மத்தியானம் நான் கீபோர்டை அணைத்துவிட்டு, சாப்பிடாமல் படுத்துவிட்டேன். அப்படியானால் உன் அக்கா சொன்னது சரிதானா என்று நினைத்து நினைத்து அழுதேன். உன் மேல் கோபமும் வந்தது, மறைக்க மாட்டேன்.

ஆனாலும் விடவில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கூட்டம் நம் வீட்டில் நடக்கிற முறை வந்தது. முன்னறையில் பாய் விரித்து, எல்லாரும் வந்து உட்கார்ந்தபோது, பாட்டுக்கு நான் வாசிக்கிறேன் என்றேன். கிரேஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பாட்டையேதான் எடுத்தேன், உன் அப்பாவின் பெட்டியருகில் பாடியதை. முதல் அடி முடிவில் டர்ன்அரவுண்டு போட்டேன், எஃப், கறுப்புக் கட்டை, ஜி, ஒன்றும் விடவில்லை. ஆமென் பாடினார்கள். என் கை மெதுவாகப் போய்விட்டது போலிருக்கிறது என்று மறுபடி வாசித்தேன். மறுபடியும் ஆமென். பிறகு கை சூடாகி, நீ வாசிப்பாயே அந்த வேகத்தில், நான் சத்தியமாகச் சொல்கிறேன், அந்த வேகத்திலேயே வாசித்தேன். அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டு, நிம்மதியாக, ஆமென். அதற்குள் நான் ஏ-யைத் தாண்டி டி-க்குப் போய்விட்டிருந்தேன், அவர்கள் பாட்டுக்குப் பாடி முடித்துவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்கள்.

கூட்டம் முடிந்து காப்பி கொடுக்கும்போது கிரேஸைக் கேட்டேன், பாட்டு முடியவே இல்லையே, ஏன் ஆமென் பாடினாய் என்று. "யக்கா, அந்த எடம் வந்தா வாய் தானா தொறக்கு. நீங்க அங்கன பாதி வழியில நிக்கும்போதே எங்களுக்குத் தொடங்கிட்டு, பெறவு நீங்க எங்கன போனீங்கன்னு யாரு கேட்டா?" என்றாள். பாதி வழி என்று அவள் சொன்னது எஃப்பை. எஃப் கேட்டதுமே அவர்களுக்கு ஆமென் தொடங்கிவிடுகிறது. கறுப்புக் கட்டை வருவதற்குள் வாய் திறந்தாகிவிட்டது. மகனே, அன்றைக்கு நீ அதை விட்டதால் ஒன்றும் நடக்கவில்லை. வாசித்திருந்தாலும் அவர்கள் பாடித்தான் இருப்பார்கள். காணிக்கையின்போதும் அசனத்தின்போதும் அவர்களுக்குப் பையோ பந்தியோ கண்ணெதிரே இருந்தது, பாட்டு முடியாது என்று தெரியும். பெட்டியருகில் முகம் பார்த்து முடித்து, புழுக்கத்தில் கால் கடுக்க நின்றவர்களுக்கு, முடிந்தால் போதும் என்று இருந்தது. அதற்கு ஒரு எஃப் போதுமானதாக இருந்தது. இதை வாசிக்கிற சபையார் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அந்த வரிசையில் நின்று ஆயிரம் பேருக்கு ஆமென் பாடினவள்தான்.

இதைக் கண்டுபிடித்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். இந்த வயதில் அவ்வளவு பேராசை. உன் அக்காவுக்கு அன்றைக்கே போன் செய்து, கறுப்புக் கட்டை, எஃப், கிரேஸ் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், "எம்மா, எஃப் கேட்டாலே பாடிருவாங்கன்னா, அவன் எதுக்கு எஃப் வாசிச்சான்? இத்தன வருசம் அங்கன உக்காந்து வாசிச்சவனுக்கு அது தெரியாதா?" என்று கேட்டாள். எஃப் இல்லாமலும் பாட்டைத் திருப்பலாம் என்று அந்த வீடியோக்காரரே வேறொரு பாடத்தில் காட்டுகிறார், அதையும் பார்த்துவிட்டேன். நேரே ஜி-க்குப் போய்த் திரும்பிவிடலாம், அழகு குறைவு, ஆமெனுக்கு இடமில்லை. அதைப் படித்த பிறகு நான் அந்த மனிதரின் பாடம் எதையும் பார்க்கவில்லை. எந்தப் பக்கம் தோண்டினாலும் உன்னைக் குற்றம் சொல்ல ஏதோ ஒன்று கிடைக்கும் போலிருக்கிறது, உன்னை விடுவிக்கவும் ஏதோ ஒன்று கிடைக்கும். அக்கா எதை எடுத்துக்கொள்வாள், நீ எதை எடுத்துக்கொள்வாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் இரண்டு பேரையும் பெற்றவள் நான்தானே.

தாய் எழுதுகிற கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும் என்பார்கள். என்னிடம் இருந்தது ஒன்றுதான்: தொடாமல் இருப்பதால் எதுவும் சரியாகாது, தொட்டுப் பார். நான் தொட்டுப் பார்த்தேன், அப்படியும் ஒன்றும் சரியாகவில்லை. அதனால் அந்தப் புத்திமதியையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நீ வாசிக்க வேண்டாம். யாரோடும் சமாதானமாகப் போக வேண்டும் என்றுகூட உன்னைக் கேட்கப் போவதில்லை. கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

ஆனால் ஒரு காரியத்தை நான் ஏற்பாடு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவும். போதகரிடமும் உன் பெரியப்பாவிடமும் சொல்லிவிட்டேன், இதோ சபையார் எல்லாருக்கும் சொல்கிறேன், பிறகு வழக்கம் அது இது என்று யாரும் பேசக் கூடாது. என்னை வீட்டிலேயே பெட்டியில் வைத்து, வீட்டிலேயே மூடிவிட வேண்டும். ஆலயத்துக்கு மூடின பெட்டிதான் போக வேண்டும். முகம் பார்க்கிற வரிசை கிடையாது. யாருக்காகவும் பாட்டை இழுத்துப் பிடிக்க வேண்டாம், ஜனங்கள் தங்களுக்குத் தோன்றிய இடத்தில் ஆமென் பாடிக்கொள்ளட்டும். எந்தப் பிள்ளையும் பாலத்தில் இறங்கி நடக்க வேண்டாம். எந்தப் பிள்ளையும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். போதகர், "பிள்ளைங்க வந்து சேருத வரைக்குமாவது தொறந்து வைக்கலாம்லா" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வராமல் போனால் யார் மேல் குற்றம் என்று அந்தப் பெட்டியருகில் நின்று இன்னொரு தரம் ஆரம்பிப்பார்கள்.

உன் அக்காவுக்கும் இதையே சொல்லிவிட்டேன். நீ வருகிற நாள் எது என்று கேட்டாள். தெரிந்தால் அவள் வேறு நாள் பார்த்து வருவாளாம். வரட்டும். நீயும் தனியாகவே வா. ஒருவர் வந்து போன பிறகு மற்றவர் வந்தாலும் எனக்குச் சம்மதம், நான் இங்கேதான் இருப்பேன், வேறு எங்கே போகப் போகிறேன். வருவாய் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. லீவு கிடைக்காது என்பாய், சீசன் காற்று என்பாய், டவர் இல்லை என்பாய். இருந்தாலும் இதை உன்னிடம் சொல்லாமல் விட்டால் அது உனக்குச் செய்கிற அநியாயம். அம்மா முகத்தை நீ பார்க்க வேண்டும் என்றால், கடைசியில் வந்து பார்க்க முடியாது, இப்போது வந்துதான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
அம்மா